நெற்றி விளக்கின் வெளிச்சம்



போன மாதம் ஒரு திங்கட்கிழமை. பள்ளி விட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வேன் ஏறிப் போய்விட்டார்கள். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் தகப்பனார் மட்டும் வெளிக்கதவருகே தயங்கி நின்றுகொண்டிருந்தார். எங்கள் சபையைச் சேர்ந்தவர்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு போர்ட் கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகள் உழைத்தவர். ஆட்குறைப்பு என்று சொல்லி அவரை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"சார், உங்ககிட்ட ஒன்னு கேக்கணும். நானும் என் சம்சாரமும் தினம் ராத்திரி முழங்கால் போட்டு ஜெபம் பண்றோம். ஆனா படுத்தா தூக்கம் வர்றதில்ல. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. விசுவாசம் இருந்தா பயம் வராதுன்னு சொல்றாங்களே, அப்படின்னா எனக்கு விசுவாசம் இல்லையா சார்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கவலைப்படாதீங்க, கர்த்தர் பார்த்துக்குவார். நானும் உங்களுக்காக ஜெபம் பண்றேன்" என்றேன். கை நிறையத் திருத்த வேண்டிய நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. அவர் தலையாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது பதிலும் இல்லை. அதை உணர எனக்கு இன்னும் மூன்று நாள் பிடித்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அவர் கேட்ட கேள்வியை நாம் எல்லாரும் சேர்ந்து சற்று யோசித்துப் பார்ப்போம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற குடும்பங்களில் மாரியம்மனையும் முருகனையும் கும்பிடுகிறவர்களே அதிகம் என்பதை நான் அறிவேன். நான் கிறிஸ்தவன். எனக்குத் தெரிந்த எங்கள் வீட்டுக் கதையைத்தான் என்னால் சொல்ல முடியும். பயம் மட்டும் எல்லார் வீட்டுக்கும் பொதுவானது அல்லவா? ஆகவே பொறுமையாகக் கேளுங்கள்.

நம் ஜனம் கண்ட பயங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கிற நமக்குப் பயம் புதிதல்ல. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். ஐந்து வாரம்கூட ஆகவில்லை, 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் அவர்கள் கைக்குப் போயிற்று. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. பிறகு சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். யுத்தம் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948-இல் அவசரகாலம். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம். 1969-க்குப் பின் குடியுரிமைத் தாளும் வேலைப் பெர்மிட்டும் இல்லாமல் பல ஆயிரம் பேர் கப்பலேறிய காலம். அதன் பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றின் கதவையும் சாத்திற்று. அடுத்த ஆண்டு டிசம்பரில் வெள்ளம்.

இவை அத்தனையிலும் நம் ஜனம் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறியது. தோட்டத்துக்குத் தோட்டம் கோயில் எழுந்ததன் காரணமும் அதுதான். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்கள் குடியிருப்புகளுக்கு அருகிலேயே கோயிலும் கட்டினார்கள், தேவாலயமும் கட்டினார்கள். அப்துல் சமாட் சாலையில் இருக்கிற சீயோன் லுத்தரன் தேவாலயம் 1924-இல் கட்டப்பட்டது. கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் இருக்கிற லூர்து மாதா கோவில் 1928-இல் கட்டப்பட்டது. ஒரு பக்கம் தீபாவளிக் கடைகளின் இரைச்சல், மறுபக்கம் மாதா கோவிலின் அமைதி. கிள்ளான் தமிழர்களுக்கு இரண்டும் பழக்கம்.

என் சிறு வயதில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து மாதம் ஒரு முறை போதகர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வருவார். ஆராதனை நடந்தது பழைய ஆயாக் கொட்டகையில்தான். பிள்ளைகளின் தொட்டில் துணிகளைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, பாய் விரித்து உட்காருவோம். போதகர் வராத மற்ற மூன்று ஞாயிறும் தாத்தாவே ஜெபம் சொல்லுவார்.

திரும்பி வந்தவரும் வராதவரும்

தாத்தா சயாமுக்குப் போய்த் திரும்பியவர். 1943-இல் அவரையும் அவருடைய தம்பியையும் ஒன்றாகத்தான் கொண்டுபோனார்கள். பர்மாவையும் சயாமையும் இணைக்கிற அந்தப் பாதையின் நீளம் சுமார் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அந்த வேகத்துக்கு விலையாகப் போனவை மனித உயிர்கள். அங்கு மாண்ட வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போய் மாண்ட நம் தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் அநேகருக்குப் பெயர் எழுதிய ஒரு பலகைகூட இல்லை.

மழைக்காலத்தில் முகாமில் காலரா வந்தது. தாத்தாவின் தம்பி இரண்டே நாளில் போய்விட்டார். போதகர் இல்லை, வேதப்புத்தகம் இல்லை, ஒரு துண்டு வெள்ளைத் துணியும் இல்லை. சின்ன வயதில் தன் தாயார் மனப்பாடம் செய்ய வைத்த 23-ஆம் சங்கீதத்தைத் தாத்தா வாய்விட்டுச் சொன்னாராம். பாதி சொல்லும்போதே குரல் அடைத்துவிட்டது. குழி வெட்ட உதவிய ஆள் எங்கள் தோட்டத்துக்காரரே, முருக பக்தர். அவர் தாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நிறுத்தாதீங்க, முழுசா சொல்லி அனுப்புங்க" என்றாராம். தாத்தா அந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் ஒருநாளும் இந்தக் கதையை முடித்தது கிடையாது.

பெரியவனான பிறகு நான் ஒருநாள் பாட்டியிடம் துடுக்காகக் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாதானே ஜெபம் பண்ணுனாங்க? தாத்தாவைக் காப்பாத்துன சாமி தம்பியை ஏன் விட்டுட்டாரு?"

பாட்டி கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். "திரும்பி வந்தவனையும் கர்த்தர்தான் வச்சிருந்தாரு. வராதவனையும் அவருதான் வச்சிருக்காரு. ஏன்னு எனக்குத் தெரியாதுடா. ஆனா அந்தக் காட்டுல அவன் அநாதையா சாகல. அது எனக்குப் போதும்" என்றார்.

அது எனக்கும் போதுமா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். சில நாள் போதும், சில நாள் போதாது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. விசுவாசம் என்பது ஆபத்து வராது என்று எழுதிக் கொடுக்கிற பத்திரம் அல்ல. அப்படி ஒரு பத்திரம் எங்கள் குடும்பத்தில் யார் கைக்கும் கிடைத்ததில்லை.

வேதம் என்ன சொல்கிறது?

கிறிஸ்தவ வீடுகளில் 91-ஆம் சங்கீதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். தேவனுடைய சிறகுகளின் கீழ் அடைக்கலம் உண்டு, கொள்ளைநோய்க்கும் அஞ்ச வேண்டாம் என்பது அதன் கருத்து. 2020-இல் பலருடைய கைத்தொலைபேசியிலும் அதுதான் ஓடிற்று. நல்லதுதான். ஆனால் அதே சங்கீதத்தைச் சுவிசேஷத்தில் சாத்தானும் எடுத்துச் சொல்கிறான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. தேவாலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, "குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள்" என்ற கருத்தில் பேசுகிறான். இயேசு குதிக்க மறுத்துவிட்டார். கடவுள்மேல் நம்பிக்கை வைப்பது வேறு, கடவுளைச் சோதித்துப் பார்ப்பது வேறு. முகக்கவசம் போடாமல் கூட்டத்துக்குள் நுழைவதும், மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எண்ணெய் மட்டும் பூசிக்கொள்வதும் உச்சியிலிருந்து குதிக்கிற வேலைதான்.

சரி, பயப்படுகிறவனுக்கு விசுவாசம் இல்லையா? கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வியர்வை சிந்தி, இந்தத் துன்பம் நீங்காதா என்று திரும்பத் திரும்ப வேண்டினார். அவருக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொல்லத் துணிவார்கள்?

எலியா தீர்க்கதரிசியின் கதையையும் பாருங்கள். ராஜாத்தியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, செத்துப் போனால் போதும் என்று கேட்கிறார். அப்போது தேவதூதன் வந்து என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணினானா? உனக்கு விசுவாசம் போதாது என்று கண்டித்தானா? இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார். தூதன் இரண்டாம் முறையும் வந்து சாப்பாடு கொடுத்தான். பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான். கலங்கிப் போன மனுஷனுக்குச் சோறும் தூக்கமும்தான் முதல் மருந்து என்று வேதமே சொல்கிறது. வாத்தியாராகிய நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன். அந்தத் திங்கட்கிழமை அது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

அம்மாவின் நிரை

எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பால்வெட்டுக்குப் போவேன். விடியுமுன் ஐந்தரைக்கெல்லாம் காட்டுக்குள் இருக்க வேண்டும். நெற்றியில் விளக்கு, கையில் வெட்டுக்கத்தி, இடுப்பில் ஒட்டுப்பால் பை. பால்மரக் காட்டின் இருட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாம்பு இருக்கும், காட்டுப்பன்றி இருக்கும். ஒரு நிரையில் நானூறு ஐந்நூறு மரம். அம்மாவின் விளக்கு காட்டியதோ ஒரே ஒரு மரத்தை.

"அம்மா, இந்த விளக்கு ஒரு மரத்தைத்தானே காட்டுது? மீதி எல்லாம் இருட்டா இருக்கே, உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கும். ஆனா நான் ஒரு நேரத்துல ஒரு மரம்தானேடா வெட்ட முடியும்? அதுக்கு இந்த வெளிச்சம் போதும். அதை முடிச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பினா, விளக்கும் என்கூடத்தானே திரும்புது" என்றார் அம்மா.

அந்தச் சமயம் பக்கத்து நிரையிலிருந்து ஓர் அக்கா "கூ" என்று குரல் கொடுத்தார். அம்மாவும் பதிலுக்கு "கூ" என்றார். அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. நான் இங்கே இருக்கிறேன், நீ அங்கே இருக்கிறாயா என்று கேட்பதுதான். அந்தக் குரல் வந்ததும் இருட்டின் கனம் பாதியாகக் குறைந்துவிடும்.

விசுவாசத்தின் பாதுகாப்பு என்றால் என்ன என்று இன்று யாராவது என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். காடு முழுவதையும் பகலாக்குகிற சூரியன் அல்ல அது, நெற்றி விளக்கு. அடுத்த மரம் தெரியும். அதற்கு அப்புறம் என்ன என்று தெரியாது. ஆனால் நாம் நகர நகர அதுவும் கூடவே வரும். பக்கத்து நிரையிலிருந்து ஒரு குரலும் வரும். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில்கூட இன்றைய ஆகாரத்தைத்தான் கேட்கச் சொன்னார். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னாவும் அப்படித்தான். அவரவர் அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்தார்கள். பயந்து மறுநாளுக்குப் பதுக்கி வைத்தது புழுத்துப் போயிற்று என்று யாத்திராகமம் சொல்கிறது.

தமிழ் வேதப்புத்தகத்தின் வரலாறும் இதற்குச் சாட்சி. ஜெர்மனியில் பிறந்த சீகன்பால்கு ஐயர் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். இரண்டே ஆண்டில், அவரை அனுப்பிய டேனிஷ்காரர்களின் கோட்டைத் தலைவனே அவரைப் பிடித்துச் சிறையில் நான்கு மாதம் வைத்தான். வெளியே வந்தவர் விட்ட வேலையைத் தொடர்ந்தார். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டைத் தொடங்கி ரூத்தின் கதை வரை வந்தார். 1719-இல் முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். மீதி நிரையைப் பின்னால் வந்தவர்கள் வெட்டி முடித்தார்கள். சங்கீதங்கள் அவர் நிறுத்திய இடத்துக்குப் பின்னால்தான் வருகின்றன. சயாம் காட்டில் தாத்தாவின் வாயில் தமிழில் ஒரு சங்கீதம் இருந்ததற்குக் காரணம், இப்படி ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் மரத்தை மட்டும் பார்த்து வெட்டிப் போனவர்கள்தான்.

வெள்ளம் வந்த இரவு

அம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. தாமான் ஸ்ரீ மூடாவில் என் தங்கை வீட்டில் இருக்கிறார். 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை அந்த வட்டாரத்துக்கு நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். முதல் நாளிலிருந்து விடாத மழை. முதலில் கணுக்கால் அளவு தண்ணீர். கொஞ்ச நேரத்தில் இடுப்பளவு. பிறகு கீழ்த்தளம் முழுவதும் தண்ணீருக்குள். மின்சாரம் போய்விட்டது. நான் தோட்டத்திலிருந்து புறப்பட்டும் சாலை எங்கும் வெள்ளமாக இருந்ததால் அவர்களை நெருங்க முடியவில்லை. கைத்தொலைபேசியில் தங்கை அழுதுகொண்டே பேசினாள்.

"அம்மாகிட்ட குடு" என்றேன். அம்மா அழவில்லை. பின்னாலே அம்மா தங்கையிடம் சொல்வதுதான் என் காதில் விழுந்தது. "அழுறதை நாளைக்கு வச்சுக்கலாம். இப்ப அடுத்த மரம் எது? அதைப் பாரு."

அடுத்த மரம் அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றுவது. அதற்கு அடுத்தது குழந்தையின் பால் மாவும் அம்மாவின் இனிப்புநீர் மருந்தும். அதற்கு அடுத்தது பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பது. அந்த வீட்டில் ஒரு வயதான மலாய்த் தம்பதி மட்டும் இருந்தார்கள். தங்கையின் கணவர் கயிறு கட்டி அவர்களை இந்த வீட்டு மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் சன்னல் வழியாக ரொட்டிப் பொட்டலத்தை எறிந்தது. இரவு முழுவதும் எல்லாரும் ஒரே அறையில் இருந்தார்கள். அம்மா 23-ஆம் சங்கீதத்தை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். மலாய்ப் பாட்டி தன் துவாக்களை ஓதிக்கொண்டிருந்தார். மறுநாள் மாலைதான் படகு வந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். தாத்தா காலத்து வேதப்புத்தகம் சேற்றில் ஊறி ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மாவோ, "போகட்டும்டா, மனசுல இருக்கிறது நனையல" என்றார். பிறகு விளக்குமாற்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அந்த வாரம் முழுவதும் குருத்துவாராவிலிருந்தும் கோயில்களிலிருந்தும் தேவாலயங்களிலிருந்தும் மசூதிகளிலிருந்தும் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து நிரையிலிருந்து வந்த குரல்கள் அவை.

அந்தத் தகப்பனாருக்கு நான் சொல்ல வேண்டிய பதில்

இனி பாதியில் விட்ட கதைக்கு வருகிறேன். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு மூன்று நாள் அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை. வியாழக்கிழமை அவன் கூட்டாளி ஒருவன் சொன்னான்: "சார், அவங்க வீட்டுல சோறு இல்ல. அதான் வரல. வேன் காசும் கட்டல." எனக்குச் செருப்பால் அடித்தது போல் இருந்தது. பசித்தவனுக்கு ஒன்றும் கொடுக்காமல் சமாதானமாய்ப் போ என்று சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு தம் நிருபத்தில் கேட்டது என்னைத்தான் என்று தோன்றியது.

அன்று மாலையே நானும் என் மனைவியும் அரிசி, பருப்பு, மீன் டின், முட்டை வாங்கிக்கொண்டு போனோம். முதலில் சாப்பிட்டோம். பிறகுதான் பேசினோம். அப்போதுதான் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சில நேரம் செத்துப் போயிட்டா நல்லதுன்னு தோணுது சார்" என்றார். நல்லவேளை, இந்த முறை என் கையில் நோட்டுப் புத்தகம் இல்லை.

ஒவ்வொரு மரமாகப் பார்த்தோம். வேலையில் இருந்த காலத்தில் அவர் சம்பளத்தில் மாதாமாதம் வேலை காப்புறுதித் திட்டத்துக்கென்று ஒரு சிறு தொகை பிடித்திருந்தார்கள். சொக்சோ நடத்துகிற இந்தத் திட்டம் 2018-இல் தொடங்கியது. வேலை போன 60 நாளுக்குள் மனுக் கொடுத்தால் சில மாதங்களுக்கு உதவித்தொகை கிடைக்கும், வேறு வேலை தேடவும் உதவுவார்கள். அவருக்கு இது தெரியவே தெரியாது. இப்படியே தெரியாமல் நாளைத் தள்ளிக்கொண்டே போயிருந்தால் கெடு கடந்திருக்கும். மறுநாளே மனுப் போட்டோம். அடுத்து, நெஞ்சுப் படபடப்புக்கு அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க வைத்தோம். தூக்கமின்மையும் படபடப்பும் உடம்போடு சேர்ந்த நோயாகவும் இருக்கலாம், அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. டாக்டரிடம் போவது அவிசுவாசம் அல்ல. நற்செய்தி எழுதிய லூக்காவே வைத்தியர்தான். பையனின் வேன் காசைச் சபையில் சிலர் ஏற்றுக்கொண்டார்கள். என்னைப் போல் இன்னும் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, இரவு ஒன்பது மணிக்கு அவருக்குத் தொலைபேசியில் பேசுகிறோம். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. "கூ" என்று குரல் கொடுப்பதுதான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்லி இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. அவருக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. கிடங்கு ஒன்றில் நாள் கூலிக்குப் போகிறார். பையன் பள்ளிக்கு வருகிறான். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது என்னிடம் சொன்னார்: "தூக்கம் இன்னும் முழுசா வரல சார். ஆனா இப்ப தனியா முழிச்சிருக்கிற மாதிரி தோணல."

அவர் அன்று கேட்ட கேள்விக்கு இதோ என் பதில், சற்றுத் தாமதமாக: பயம் வந்ததால் உங்களுக்கு விசுவாசம் இல்லை என்று ஆகாது ஐயா. பயத்தோடேயே நீங்கள் முழங்கால் போட்டீர்கள் அல்லவா, அதுதான் விசுவாசம்.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

கவலைக் காலத்தில் பாதுகாப்பை விற்கிறவர்களும் வருவார்கள். இவ்வளவு காணிக்கை கொடுத்தால் இவ்வளவு ஆசீர்வாதம் என்று கணக்குச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர் எந்த மதத்தின் பெயரைச் சொன்னாலும் சரி. வீட்டு வாடகைப் பணத்தை எடுத்துக் கொடுக்கும்படி கடவுள் கேட்கமாட்டார்.

வேலையில் இருக்கும்போதே உங்கள் சம்பளச் சீட்டில் சேமநிதியும் சொக்சோவும் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். வேலை போனால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிடாமல், அந்த வாரமே சொக்சோ அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். வீட்டில் யாராவது சாவைப் பற்றிப் பேசினால் அதை விளையாட்டாக எண்ணாதீர்கள். தனியே விடாதீர்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் அணைத்துவிட்டுக் குடும்பமாக உட்காருங்கள். கிறிஸ்தவ வீடானால் ஒரு சங்கீதத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து வையுங்கள். மற்ற வீடுகளில் தேவாரமோ திருப்புகழோ, உங்கள் பாட்டி சொன்ன எதுவோ, அதைச் சொல்லிக் கொடுங்கள். நல்ல காலத்தில் பிள்ளையின் நெஞ்சில் போட்டு வைத்ததுதான் கெட்ட காலத்தில் கைகொடுக்கும். வெள்ளம் வந்த பிறகு மனப்பாடம் செய்ய நேரம் இருக்காது.

பிறகு படுக்கப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்து வீட்டில் வேலை இழந்தவரோ, நோயாளியோ, தனியாக இருக்கிற முதியவரோ இருந்தால் ஒரு குரல் கொடுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாலே போதும். அந்த ஒரு கேள்வியை நான் கேட்காமல் விட்டதால்தான் ஒரு பிள்ளை மூன்று நாள் பட்டினி கிடந்தான்.

உங்கள் வீட்டு விளக்கு அணையாதிருக்கக் கர்த்தர் அருள்வாராக. அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.